ஆலையில் அடுக்குத் தகடுகளும் அவற்றின் துப்புரவும்



தோட்டத்து லயன்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் இன்று பால்வெட்டுக்கோ செம்பனைக் குலை வெட்டுக்கோ போவதில்லை. உம்பாய், செர்க்காம், மெர்லிமாவ் பக்கங்களிலிருந்து ஆலை வேலைக்குப் போகிறார்கள். இன்னும் சிலர் பாசிர் கூடாங், கிள்ளான் என்று தொலைவிலுள்ள எண்ணெய் ஆலைகளில் சேர்ந்து மாதத்துக்கொரு முறை வீட்டுக்கு வருகிறார்கள். அப்படி வந்த மகன், "இந்த வாரம் முழுக்கப் பிளேட் கழற்றிக் கழுவினோம் அம்மா" என்கிறான். அம்மாவுக்குப் பிளேட் என்றால் சோறு போடும் தட்டு. "தட்டுக் கழுவியதற்கா கையில் இத்தனை வெட்டு?" என்று கேட்கிறாள். அந்தத் தட்டு எது, அதைக் கழுவுவதில் அப்படி என்ன இருக்கிறது என்பதைத்தான் இன்று நாம் பேசப் போகிறோம். வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் அல்ல, வீட்டில் இருப்பவர்களும் கேட்க வேண்டிய பேச்சு இது.

கொதிக்கும் தேநீரை அவசரமாக ஆற வைக்க வேண்டுமானால் குவளையைக் குளிர்ந்த தண்ணீர்ச் சட்டியில் நிறுத்துகிறோம் அல்லவா? தேநீரின் சூடு குவளைச் சுவரைக் கடந்து தண்ணீருக்குப் போகிறது. தேநீர் ஆறுகிறது, தண்ணீர் வெதுவெதுப்பாகிறது, இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆலையில் ஆற வைக்க வேண்டியது ஒரு குவளை அன்று. மணிக்குப் பல டன் எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே குவளைச் சுவரைப் போல நூற்றுக்கணக்கான சுவர்களை அடுக்கி வைக்கிறார்கள். அந்த அடுக்குதான் தகட்டு வெப்பமாற்றி. ஆலையில் இதைப் பிளேட் கூலர் என்றோ பிளேட் ஹீட்டர் என்றோ சொல்வார்கள்.

ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் பருமனுள்ள மெல்லிய எஃகு. அதன் மேல் மீன்முள்ளைப் போலச் சாய்ந்த வரிகள் அழுத்தப்பட்டிருக்கும். மீன்முள் என்றால் உம்பாய்க்காரர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஒரு தகட்டின் முள் மேல் நோக்கினால் அடுத்த தகட்டின் முள் கீழ் நோக்கும். இரண்டு தகடுகளுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளிதான். ஓர் இடைவெளியில் எண்ணெய், அடுத்ததில் தண்ணீர், மறுபடி எண்ணெய் என்று மாறி மாறி ஓடும். எண்ணெய் ஒரு திசையிலும் தண்ணீர் எதிர்த்திசையிலும் போகும். விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டை உண்டு, அதுதான் கேஸ்கெட். அடுக்கின் இரு முனைகளிலும் கனத்த இரும்புப் பலகைகளை வைத்து நீண்ட போல்ட்டுகளால் இறுக்கியிருப்பார்கள்.

அந்த மீன்முள் வரிகள் அழகுக்காக அல்ல. அவற்றில் மோதித் திரும்பும் நீர் சுழன்று கலங்கி ஓடுகிறது. அதனால் வெப்பம் விரைந்து மாறுகிறது. அதோடு அந்தக் கலக்கமே தகட்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டும் இருக்கிறது. ஓட்டம் குறைந்தால் இந்தச் சுயத் துப்புரவு நின்றுபோகும். சிக்கனம் என்று எண்ணிப் பம்பின் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து ஓட்டுகிறவர்கள் அழுக்கை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

இந்தக் கருவி பிறந்ததே துப்புரவுக்காகத்தான். 1923 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரிச்சர்டு செலிக்மன் என்பவர் பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்குவதற்கு இதை உருவாக்கினார். அவர் 1910 இல் இலண்டனில் தொடங்கிய ஏ.பி.வி. நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மூடிய குழாய்க்குள் பால் கெட்டு ஒட்டிக்கொண்டால் கண்ணால் பார்க்க முடியாது, கையால் எட்டவும் முடியாது. போல்ட்டைத் தளர்த்தினால் புத்தகம் போலப் பிரித்து ஒவ்வோர் ஏட்டையும் பார்க்கக்கூடிய கருவி வேண்டும் என்பது அவருடைய எண்ணம். முதலில் வந்த தகடுகள் கனத்த வெண்கல வார்ப்புகள். 1930களில்தான் மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் வந்தன.

இன்றும் பால்பண்ணைகளில் இதுவே முக்கியக் கருவி. தமிழ்நாட்டில் ஆவின் பால் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அத்தகைய பண்ணைகளில் பாலை 72 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, 15 விநாடிகள் அச்சூட்டில் வைத்து, உடனே குளிர்விப்பது வழக்கம். உள்ளே வரும் குளிர்ந்த பாலை, வெளியே போகும் சூடான பாலே சூடாக்குகிறது. அதனால் எரிபொருள் பெருமளவு மிஞ்சுகிறது. ஆனால் பால் சுட்ட இடத்தில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் தகட்டில் படியும். நம் வீட்டுப் பால் சட்டியின் அடியில் பிடிப்பதே அங்கும் பிடிக்கிறது. ஆகவே பால்பண்ணைக்காரர்கள் நாள்தோறும் வேலை முடிந்ததும் கழுவிவிடுகிறார்கள். அழுக்கு கெட்டியாவதற்கு அவர்கள் காலம் கொடுப்பதில்லை.

செம்பனை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும் இதே கணக்குத்தான். ஆலைக்கு வரும் செந்நிறக் கச்சா எண்ணெயை ஏறத்தாழ 90 பாகைக்குச் சூடாக்கிய பின்னரே அதன் பிசினையும் நிறத்தையும் நீக்குகிறார்கள். சுத்தமாகி வெளிவரும் சூடான எண்ணெய், உள்ளே வரும் எண்ணெய்க்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறது. கடைசியில் தண்ணீர் அதைக் குளிர்விக்கிறது. இங்கே அழுக்கு இரு பக்கமும் சேரும். எண்ணெய்ப் பக்கத்தில் பிசினும் நாரும் கருகிய எண்ணெயும். தண்ணீர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக் காவி, சேறு, வழுவழுப்பான பாசி. காவி எஃகைப் போல வெப்பத்தைக் கடத்தாது. தாள் பருமன் படிந்தாலே கருவியின் வேகம் குறையத் தொடங்கும்.

எப்போது கழுவ வேண்டும் என்று எப்படித் தெரியும்? நாள்காட்டியைப் பார்த்துக் கழுவுவதை விடக் குறிப்பேட்டைப் பார்த்துக் கழுவுவது நல்லது. கருவிக்குள் போகும் இடத்திலும் வெளிவரும் இடத்திலும் வெப்பமானியும் அழுத்தமானியும் இருக்கும். கழுவி முடித்த முதல் நாளில் அவை காட்டும் எண்களை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, அன்று எண்ணெய் 70 பாகையில் உள்ளே போய் 45 இல் வெளிவந்தது என்று வைத்துக்கொள்வோம். சில வாரங்களில் அதே ஓட்டத்தில் 52 இல் வெளிவருகிறது என்றால் தகட்டில் படிவு சேர்ந்துவிட்டது. உள்ளே போகும் அழுத்தத்துக்கும் வெளிவரும் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு பெருகினால் வழி அடைபட்டு வருகிறது. வெப்பம் அவ்வளவாகக் கெடாமல் அழுத்த வேறுபாடு மட்டும் சட்டென்று ஏறினால், பெரும்பாலும் இலையோ துணியோ வாயிலில் வந்து மாட்டியிருக்கும்.

சூடேற்றும் கருவியில் பலர் செய்யும் தவறு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எண்ணெய் போதிய சூடாகவில்லை என்றால் நீராவி வால்வை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுகிறார்கள். அன்றைய வேலை ஓடிவிடும். ஆனால் கூடுதல் சூட்டில் உள்ளே இருக்கும் அழுக்கு தகட்டோடு சேர்ந்து வெந்துபோகும். மறுமாதம் அதை எடுக்கப் போகிறவன் படும்பாடு அவனுக்குத்தான் தெரியும்.

முதலில் செய்ய வேண்டியது பிரிக்காமலே கழுவுதல். கருவிக்குள் மருந்து நீரைப் பம்பு மூலம் சுற்றவிடுவார்கள். முடிந்தால் வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் விடுவது நல்லது. சிக்கிய குப்பை பின்வாங்கி வெளியேறும். எண்ணெய்ப் பிசுக்கும் கருகலும் காஸ்டிக் சோடாவுக்கு இளகும். சுண்ணாம்புக் காவி அமிலத்துக்குத்தான் கரையும். கருவி செய்கிறவர்களின் கையேடுகளில் பொதுவாகக் காணும் வரம்பு இது: காஸ்டிக் 4 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம், சூடு 85 பாகைக்கு மேல் வேண்டாம், நைட்ரிக், சல்பாமிக், சிட்ரிக் போன்ற அமிலங்களும் 4 விழுக்காட்டுக்குள், 60 பாகைக்குள். தம் ஆலைக் கருவியின் கையேடு வேறு சொன்னால் அதுவே சட்டம். கூடப் போட்டால் கூடச் சுத்தமாகும் என்பது வீண் எண்ணம்; கேஸ்கெட்தான் கெடும். ஒன்றை முற்றாகக் கழுவி வெளியேற்றிய பிறகே மற்றதை விட வேண்டும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் மட்டும் துருப்பிடிக்காத எஃகின் பக்கமே வரக்கூடாது. கடையில் மலிவாகக் கிடைக்கிறதே, காவியை நொடியில் கரைக்கிறதே என்று அதை ஊற்றியவர்கள் உண்டு. அதிலுள்ள குளோரைடு எஃகில் ஊசிமுனைத் துளைகளைப் போட்டுவிடும். அரை மில்லிமீட்டர் தகட்டில் ஒரு துளை விழுந்தால் எண்ணெயில் தண்ணீர் கலக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சரக்கு கெட்ட பிறகுதான் தெரியும்.

ரப்பர் ஸ்டோரில் வேலை செய்த நம் பெரியவர்களுக்கு ஒரு பாடம் நினைவிருக்கும். பால் உறைய வைக்கும் ஆசிட்டைக் கலக்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக்கூடாது. இங்கும் அதுவே. காஸ்டிக்கும் அப்படித்தான்: தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும், தானே சூடேறிக் கொதித்துத் தெறிக்கும். அலுமினிய வாளி உதவாது, காஸ்டிக் அதைத் தின்றுவிடும். குளோரின் வெளுப்பு மருந்தும் அமிலமும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். குளியலறை கழுவும் மருந்துகளை வீட்டில் கலக்கும் தாய்மாரும் இதைக் கவனிக்க வேண்டும்.

காஸ்டிக் தோலில் பட்டால் முதலில் சோப்புப் போல வழவழவென்றிருக்கும். எரிச்சல் தாமதமாகத்தான் தெரியும். அதற்குள் அது தோலைத் தின்னத் தொடங்கியிருக்கும். ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டாலும் இமையைத் திறந்து பிடித்து அப்படியே கழுவிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலுமிச்சையோ புளியோ தடவும் வைத்தியம் வேண்டாம். அந்த வேலைச் சட்டையைப் பிள்ளைத் துணியோடு ஊறவைக்காதீர்கள்.

சுற்றவிட்டுக் கழுவியும் எண்கள் பழைய நிலைக்கு வரவில்லை என்றால் கருவியைப் பிரித்தாக வேண்டும். ஆபத்து இங்கேதான். எங்களுக்குத் தெரிந்த ஓர் ஆலையில் நடந்தது, பெயர் வேண்டாம். நம் பக்கத்து இளைஞன் ஒருவன். அழுத்தமானியின் முள் சைபரில் நின்றது. "ஷிப்ட் முடிவதற்குள் முடி" என்ற பேச்சு காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. போல்ட்டைத் தளர்த்தினான். முள் சைபரில் நின்றதற்குக் காரணம் அழுத்தமானி பழுதாகியிருந்ததுதான். உள்ளே அடைபட்டிருந்த கொதிநீரும் எண்ணெயும் விசிறியடித்து முழங்கையும் தொடையும் வெந்துபோயின. பல வாரங்கள் வீட்டில் கிடந்தான். அவன் திரும்ப வேலைக்குப் போனபோது அழுத்தமானியை மாற்றியிருந்தார்கள்.

ஆகவே முறை இது. ஓட்டத்தை மெல்லக் குறைத்து, பம்பை நிறுத்தி, அதன் மின்விசைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இரு பக்கத்து வால்வுகளையும் அடைக்க வேண்டும். கருவி ஏறத்தாழ 40 பாகைக்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு மேலேயுள்ள காற்று வால்வையும் கீழேயுள்ள வடிகாலையும் திறந்து, இனி ஒன்றும் வரவில்லை என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். முள்ளை மட்டும் நம்பக்கூடாது. செம்பனை எண்ணெய் ஓடும் கருவியில் இன்னொன்றும் உண்டு. மழைக்காலக் காலையில் சமையல் எண்ணெய்ப் புட்டியின் அடியில் வெள்ளையாக உறைவதைப் பார்த்திருக்கிறோம். ஆறும் கருவிக்குள்ளும் எண்ணெய் அப்படியே உறைந்து வடிகாலை அடைத்துக்கொள்ளும். அடைபட்ட வடிகால் காலியான வடிகாலைப் போலவே தோன்றும். ஆகவே சூடு இருக்கும்போதே எண்ணெயை வெளியேற்றிவிட்டு, அதன்பின் ஆறவிட வேண்டும்.

இத்தனைக்கும் நேரம் பிடிக்கும். அவசரப்படுத்துகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? 1994 ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022 இல் திருத்தப்பட்டது. திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, அதை முதலாளிக்கோ அவருடைய ஆளுக்கோ தெரிவிக்க வேண்டும். அவர்கள் ஆபத்தை நீக்க ஒன்றும் செய்யாவிட்டால் அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை அவனுக்கு உண்டு. முதலில் தெரிவிக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. தெரிவிக்காமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் உரிமை நம் பக்கம் நிற்காது.

பிரிப்பதற்கு முன் மூன்று சிறு வேலைகள் உண்டு. தகடுகளின் அடுக்கின் பக்கவாட்டில் சாயத்தால் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். திரும்ப அடுக்கும்போது ஒரு தகடு இடம் மாறினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். இரு முனைப் பலகைகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து எழுத வேண்டும். போல்ட்டின் மரைகளைத் துடைத்து மசகு தடவ வேண்டும். பிறகு எதிர் எதிர் மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். தகட்டின் விளிம்பு கத்தி. அம்மா கேட்ட அந்த வெட்டு இங்கிருந்துதான் வந்தது. துணிக் கையுறை போதாது, வெட்டுத் தாங்கும் கையுறை வேண்டும்.

தகட்டைக் கழுவ நைலான் பிரஷும் ஓடும் தண்ணீரும் போதும். கம்பிப் பிரஷும் பானை தேய்க்கும் இரும்பு நாரும் கூடாது. அவை தகட்டைக் கீறும். அவற்றிலிருந்து உதிரும் இரும்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டு துருவைத் தொடங்கிவைக்கும். துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். கெட்டிக் காவியைச் சுரண்டாமல் மென்மையான அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். உயர் அழுத்த நீர் பாய்ச்சினால் தகட்டைச் சமமான பலகையில் படுக்கவைத்துப் பாய்ச்ச வேண்டும், இல்லையேல் வளைந்துவிடும். எங்கள் அனுபவத்தில், அழுக்கால் கெட்ட தகடுகளை விட முரட்டுக் கையால் கெட்ட தகடுகளே அதிகம்.

கேஸ்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேசலாம், ரப்பர் நம் சொந்த விஷயம் அல்லவா? நாம் வெட்டிய பாலில் செய்த இயற்கை ரப்பரை எண்ணெயில் போட்டால் ஊதிப் பெருக்கும். அதனால் எண்ணெய் ஓடும் தகடுகளுக்கு 1930களில் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரைப் போடுகிறார்கள். கொதிநீருக்கும் நீராவிக்கும் ஈ.பி.டி.எம். என்ற வேறு வகை ஏற்றது. இரண்டும் கறுப்பு, பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும். ஈ.பி.டி.எம்.மை எண்ணெய்க் கருவியில் மாட்டிவிட்டால் சில நாட்களில் ஊதிப் பள்ளத்தை விட்டு வெளியே நாக்கை நீட்டும். ஸ்டோரில் கையில் கிடைத்ததை எடுத்து மாட்டாமல் பெட்டியில் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும். கெட்டியாகி, வளைத்தால் வெடிக்கிற பழைய கேஸ்கெட்டுக்கு மறுவாழ்வு கிடையாது.

மூடும்போது அளவே எல்லாம். முனைப் பலகைகளின் இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்று கருவியின் பெயர்ப்பலகையில் பொறித்திருக்கும். நான்கு பக்கமும் அளந்துகொண்டே, எதிர் எதிர் மூலைகளாக, ஒரு பக்கம் முந்தாமல் இறுக்க வேண்டும். அளவு வந்ததும் நிறுத்த வேண்டும். கசிவு கண்டதும் ஸ்பானரில் குழாயைச் செருகி இன்னும் நாலு சுற்று இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். சொட்டு நிற்கும், ஆனால் உள்ளே மீன்முள் வரிகள் நசுங்கிவிடும். அளவு சரியாயிருந்தும் கசிகிறது என்றால் குறை கேஸ்கெட்டிலோ தகட்டிலோ இருக்கிறது.

உம்பாய் கடற்கரையில் நின்று பார்த்தால் எதிரே புலாவ் பெசார். கரையிலே ஏற்றி வைத்த படகின் அடியைப் பாருங்கள். கொட்டலசும் சிப்பியும் ஒட்டியிருக்கும். கடல்நீரால் குளிர்விக்கும் ஆலைகளிலும் அவையே எதிரி. தமிழ்நாட்டில் கல்பாக்கம் அணுமின் நிலையம் கடலடிச் சுரங்கம் வழியாகக் குளிர்நீர் எடுக்கிறது. அந்தச் சுரங்கத்திலே கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டது எது தெரியுமா? நாம் கடலுணவுக் கடையில் விரும்பிச் சாப்பிடும் குப்பாங், அதே பச்சைச் சிப்பி. அதைத் தடுக்க அங்கே நீரில் குளோரின் சேர்க்கிறார்கள். கடல்நீர் ஓடும் தகட்டுக் கருவிக்குச் சாதாரணத் துருப்பிடிக்காத எஃகு தாங்காது; டைட்டானியம் தகடுகள் வேண்டும். அவை விலை மிகுந்தவை. நீர் நுழையும் வாயிலில் வடிகட்டி வைத்து, அதை அடிக்கடி கழற்றிக் கழுவினால் அந்தச் செலவுக்குப் பலன் உண்டு.

கழுவிய மருந்து நீரை அப்படியே சாக்கடைக்கோ ஆற்றுக்கோ விடுவது 1974 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்துக்குப் புறம்பு. அது நம் ஆற்று மீனுக்கும் கேடு. ஆலையின் கழிவுநீர்க் குளத்துக்கே அது போக வேண்டும்.

எல்லாம் முடிந்து ஓட்டத் தொடங்கும்போது, காற்று வால்வைத் திறந்து வைத்து நீரை மெல்ல நிரப்ப வேண்டும். வால்வைப் படக்கென்று திறந்தால் குழாயில் சம்மட்டி அடித்தாற்போல அதிரும். புதிதாக மாட்டிய கேஸ்கெட் விலகிவிடும். குளிர்ந்த பக்கத்தை முதலில் ஓடவிட்டு, சூடான பக்கத்தைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலே நின்று சொட்டு விழுகிறதா என்று பார்த்துவிட்டு, வெப்பமும் அழுத்தமும் காட்டும் எண்களைத் தேதியோடு குறிப்பேட்டில் எழுத வேண்டும். அடுத்த ஷிப்டில் வருகிறவருக்குப் புரியும்படி எழுத வேண்டும்.